எழுந்து நிற்காத பிள்ளை

மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடையில் உள்ள ஒரு பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 11 ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாதத்தில், ஒன்பதாம் வகுப்பில் நான் செய்த ஒரு செயல் இன்றுவரை என் மனத்தில் முள்ளாகத் தைத்திருக்கிறது. ஏழைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை வழங்க முன்வந்த ஓர் அறக்கட்டளை, பள்ளியிடம் பெயர்ப் பட்டியல் கேட்டிருந்தது. அலுவலகத்திலிருந்து வகுப்புக்கு வந்த தாளில் மூன்று தலைப்புகள் அச்சிடப்பட்டிருந்தன: தந்தையை இழந்தோர், தாயை இழந்தோர், அநாதைகள். பாடம் தொடங்கும் அவசரத்தில் அந்தத் தாளை அப்படியே உரக்க வாசித்து, உரியவர்களை எழுந்து நிற்கச் சொன்னேன். முதல் தலைப்புக்கு நால்வர் எழுந்தார்கள். இரண்டாவதற்கு ஒரு பெண் எழுந்தாள். மூன்றாவதை வாசித்தபோது வகுப்பு முழுவதும் சன்னலோர பெஞ்சில் இருந்த ஒரு பையனைத் திரும்பிப் பார்த்தது. அவனுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை என்பது ஊரறிந்த செய்தி. அவன் எழவில்லை. பெயரைச் சொல்லி அழைத்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே, “எங்க அப்பாயி இருக்காங்க ஐயா” என்றான்.

அந்தக் குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. வருகைப் பதிவின்போது ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்லும் அதே குரல். நான் கேட்ட கேள்விக்கு அவன் சரியான விடையைச் சொல்லிவிட்டான் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. அவன் பெயரை மூன்றாம் தலைப்பின் கீழ் எழுதிக்கொண்டு பாடத்துக்குப் போய்விட்டேன். அன்று இரவு உறக்கம் வரவில்லை. சொல்லுக்குப் பொருள் சொல்வதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட ஒருவன், ஒரு சொல்லின் பொருளை ஒருமுறைகூட நின்று பார்க்காமல், 40 பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு பிள்ளையின் தலையில் அதைச் சுமத்தியிருந்தான்.

நாதன் இல்லாதவர்

அச்சொல்லை ‘அநாதை’ என்றும் ‘அனாதை’ என்றும் இரு வகையாக எழுதுகிறோம். தமிழ்ச் சொல்லின் நடுவில் தகரத்தோடு சேர்ந்தல்லாமல் தந்நகரமான ‘ந’ வருவது அரிது என்பதால் கை தானாகவே றன்னகரமான ‘ன’வுக்குப் போகிறது. ஆனால் இச்சொல்லை ‘அ’ என்றும் ‘நாத’ என்றும்தான் பிரிக்க வேண்டும். ‘அன்’ என்றும் ‘ஆதி’ என்றும் பிரிவது வேறொரு சொல். அது தொடக்கம் இல்லாததைக் குறிக்கும் அனாதி. எங்கள் பக்கத்துத் திருவாவடுதுறையில் தங்கிப் பாடியவராகப் போற்றப்படும் திருமூலர் ‘பதியினைப் போற் பசு பாசம் அனாதி’ என்றபோது சொன்னது அந்தச் சொல்லை. ஒலியில் இரண்டும் அண்டை வீட்டுக்காரர்கள். உறவு எதுவும் கிடையாது.

ஈற்றில் உள்ள ஐகாரத்திலும் ஒரு செய்தி இருக்கிறது. வடமொழியில் ஆகாரத்தில் முடியும் சொற்கள் தமிழுக்கு வரும்போது ஐகாரமாகும் என்று பாடம் நடத்துவோம். மாலா மாலை ஆயிற்று, கங்கா கங்கை ஆயிற்று. அந்தக் கணக்கின்படி அநாதை என்பது ‘அநாதா’ என்னும் பெண்பால் வடிவம். ஆணைக் குறிக்கும் அநாதன் என்ற வடிவம் நூல்களோடு நின்றுவிட்டது. நாதன் என்பதற்குக் கணவன் என்றும் பொருள் உண்டு. பழைய நாடக மேடைகளில் மனைவி கணவனை ‘நாதா’ என்று விளித்தது அதனால்தான். எனவே அச்சொல் கணவனை இழந்த பெண்ணையும், துணையற்ற முதியவரையும், வறியவரையும், பெற்றோர் இல்லாத குழந்தையையும் ஒருசேரக் குறிக்கக்கூடியதாக இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகக் குழந்தையின்மேல் மட்டும் அதை ஒட்டவைத்தது பிற்கால வழக்கு.

அந்த இரவில் என்னை உலுக்கியது இன்னொன்று. ‘நாத்’ என்னும் வேருக்கு உதவி வேண்டுதல், அடைக்கலம் தேடுதல் என்று பொருள். யாரிடம் போய்க் கையேந்தலாமோ, யாரை நம்பி முறையிடலாமோ அவர் நாதர். எங்கள் பக்கத்தில் அத்தகைய நாதர் இல்லாத ஊரே கிடையாது. மயிலாடுதுறையில் மயூரநாதர், வைத்தீசுவரன் கோயிலில் வைத்தியநாதர், திருநாகேசுவரத்தில் நாகநாதர், ஆறு இரண்டாகப் பிரியும் திருவரங்கத்தில் அரங்கநாதர். முறையிடுவதற்கு ஒருவர் இல்லாத நிலையைத்தான் ‘அநாத’ என்னும் சொல் சொல்கிறது. தாய் அச்சொல்லுக்குள் இல்லை. தந்தை இல்லை. மரணமும் இல்லை. பெற்றவர்கள் உயிரோடிருந்தும் ஒரு பிள்ளை அநாதையாக இருக்கலாம். பெற்றவர்கள் இருவரும் போன பிறகும் ஒரு பிள்ளை அநாதை ஆகாமல் இருக்கலாம். “எங்க அப்பாயி இருக்காங்க” என்று அவன் சொன்னது, சொல்லிலக்கணத்தின்படி அணுவளவும் பிழையில்லாத விடை.

வடமொழி கற்போரிடையே வழங்கும் ஒரு தனிச்சுலோகம் உண்டு. ஓர் இரவலன் அரசனிடம் சென்று, “மன்னா, நீயும் லோகநாதன், நானும் லோகநாதன்” என்கிறான். உலகுக்கு நாதன் என்று ஆறாம் வேற்றுமைத் தொகையாக விரித்தால் அது அரசன். உலகத்தையே நாதனாக உடையவன் என்று அன்மொழித் தொகையாக விரித்தால் அது இரவலன். தொகை இலக்கணம் நடத்தும் வகுப்புகளில் நான் பலமுறை இதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஏதுமற்ற ஒருவன் ‘எனக்கு யாரும் இல்லை’ என்று சொல்லாமல் ‘எல்லாரும் எனக்குப் பொறுப்பு’ என்று அரசனின் முகத்துக்கு நேரே நின்று சொல்கிறான் என்பது, அந்தப் பையன் எழ மறுத்த நாளுக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

அப்பாயியின் வீட்டில்

பட்டியலோடு பாதுகாவலர் கையொப்பமும் வேண்டும் என்பதால் சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். வாய்க்கால் கரையை ஒட்டிய ஓட்டு வீடு. திண்ணையில் உட்கார்ந்து அவனுடைய அப்பாயி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். “வாங்க வாத்தியாரய்யா” என்று எழுந்தவர், பேரனை அனுப்பிக் கடையில் சோடா வாங்கிவரச் செய்தார். அவன் வந்து தூணருகே நின்றான். அவனுக்கு முன்னால் எதைச் சொல்வது, எதை விடுவது என்று தெரியாமல் நான் பொதுவாக நிலம் நீச்சைப் பற்றிக் கேட்டேன். அந்தக் கிழவி சொன்னதை ஏறக்குறைய அவருடைய சொற்களிலேயே தருகிறேன்: “ரெண்டு மா இருக்குதுங்க. இவங்க அப்பன் போனதுலேருந்து கேப்பாரு மேப்பாரு இல்லாம அநாதையாக் கெடக்கு. பங்காளிவொ வருசா வருசம் வரப்ப வெட்டிக்கிட்டே உள்ள வர்றாங்க. நான் போயி நின்னு சத்தம் போட்டாத்தான் நிறுத்துவாங்க. முழங்கால் வலியில எத்தன தடவ போவ முடியும்?”

அச்சொல்லை அவர் பேரனின் எதிரிலேயே சொன்னார். அவர் முகத்தில் ஒரு தயக்கமும் இல்லை. தூணருகே நின்ற பையனிடமும் எந்தச் சலனமும் இல்லை. அவர்கள் வீட்டில் அது நிலத்துக்கு உரிய சொல். போய் நின்று கேட்க ஆள் இல்லாத நிலத்துக்கு. அந்த வீட்டில் இருந்த எந்த மனிதருக்கும் அது உரியதாக இல்லை. நான் தாளை எடுத்தேன். “இதுல என்னங்க எழுதியிருக்கு?” என்று கேட்டார். மூன்றாம் தலைப்பை அவரிடம் வாசித்துக் காட்ட எனக்கு நா எழவில்லை. “பிள்ளைக்கு உதவித்தொகை வருது ஆயி, நீங்கதான் அவனுக்குப் பொறுப்புன்னு கைநாட்டு வைக்கணும்” என்றேன். “பின்ன, வேற யாரு?” என்று சொல்லிவிட்டு உளுந்துத் தூசியைப் புடவையில் துடைத்துக்கொண்டு விரலை நீட்டினார். ‘பெற்றோர் / பாதுகாவலர்’ என்று அச்சிட்ட இடத்தில் அந்த விரலைப் பிடித்து ஊன்றினேன். நாதன் என்ற சொல்லுக்கு அகராதியில் முதலாவதாகக் கண்ட பொருள் காப்பவர் என்பது. ஒரே தாளில், தலைப்பில் அவனை அநாதை என்று எழுதி, அடியில் அவனுடைய நாதரின் கைரேகையை வாங்கியிருந்தேன்.

வீடு திரும்பும் வழியில் அந்தக் கிழவியின் ‘கேப்பாரு மேப்பாரு’ என்னும் தொடர் என்னை விடவில்லை. வடமொழி வேரில் கேட்பவர் அடைக்கலம் வேண்டுபவர். எளியவர் கேட்கிறார், நாதர் கொடுக்கிறார். தமிழ் வழக்கில் அது தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. எளியவருக்காகப் போய்க் கேட்பவரே கேட்பார்: ‘ஏன் இப்படிச் செய்தாய்’ என்று அடுத்தவனைத் தட்டிக் கேட்பவர், ‘சாப்பிட்டாயா’ என்று பிள்ளையைக் கேட்பவர். ‘கேட்க நாதியில்லை’ என்று நம் பக்கத்தில் அன்றாடம் சொல்கிறோமே, அதில் இரு மொழிகளின் இரு வழிகளும் ஒரே தொடரில் வந்து சேர்ந்திருக்கின்றன. பழந்தமிழில் கேள் என்றாலே உறவு என்றும் ஒரு பொருள், உறவினர் கேளிர். குழந்தை வாய் திறந்து கேட்கும்வரை காத்திருக்காமல் பெரியவர் முந்திக்கொண்டு கேட்பது என்னும் இந்த நிலை, பொறுப்பைச் சரியான தோளில் வைக்கிறது என்றே நினைக்கிறேன். அநாதை என்பது பிள்ளையிடம் உள்ள ஒரு குறையின் பெயராக ஒருபோதும் இருக்க முடியாது. அதைச் சுற்றி இருக்கும் எங்களைப் போன்ற பெரியவர்களின் செயலைப் பற்றிய சொல் அது.

பிற வாசல்கள்

டெல்டாவில் இந்நிலைக்கு வேறு சொற்களும் புழங்குகின்றன. நாகூரிலும் கூத்தாநல்லூரிலும் நண்பர்கள் எத்தீம் என்பார்கள். யத்தீம் என்னும் அந்த அரபுச் சொல் வயது நிரம்பும் முன் தந்தையை இழந்த பிள்ளையைக் குறிக்கும். வயது வந்துவிட்டால் அப்பெயர் நீங்கிவிடும். அதற்குத் தனித்தது, இணையற்றது என்றும் பொருள் இருப்பதால் ஒப்பில்லாத முத்தையும் அரபியர் அச்சொல்லால் அழைத்திருக்கிறார்கள். கிறித்தவ வீடுகளில் திக்கற்றவர் என்பது வழக்கம். ‘நான் உங்களைத் திக்கற்றவர்களாக விடேன்’ என்னும் யோவான் சுவிசேஷத்து வாக்கின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘ஆர்ஃபனோஸ்’. ஆங்கிலத்தின் ஆர்ஃபன் அதிலிருந்து வந்தது.

அந்தக் கிரேக்கச் சொல்லின் குடும்பத்தைத் தேடிப் போனபோது பங்காளிகள் வெட்டிய வரப்பு என் கண்முன் வந்தது. அதன் பழைய வேர், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுதலைக் குறிப்பது என்று மொழியறிஞர் கருதுகின்றனர். அவ்வேரிலிருந்தே வடமொழியில் சிறு பிள்ளையைக் குறிக்கும் ‘அர்ப்ப’ வந்தது. இலத்தீனில் பிள்ளையை இழந்த பெற்றோரையும் பெற்றோரை இழந்த பிள்ளையையும் ஒருசேரக் குறிக்கும் ‘ஆர்பஸ்’ வந்தது. ஜெர்மன் மொழியில் பரம்பரைச் சொத்துக்கு உரிய ‘எர்பே’ வந்தது. சிலாவிய மொழிகளில் அடிமையைக் குறிக்கும் சொல்லும், செக் மொழியில் ஊதியமின்றிச் செய்யும் கட்டாய உழைப்புக்குப் பெயரான ‘ரொபோட்டா’வும் வந்தன. 1920இல் கரேல் சாபெக் என்ற செக் எழுத்தாளரின் நாடகத்துக்காக அவருடைய அண்ணன் ஜோசப் அந்தச் சொல்லிலிருந்து எடுத்துத் தந்ததுதான் இன்று எல்லாரும் அறிந்த ரோபோ. பெற்றவர் போன பிள்ளை, கைமாறும் சொத்து, கூலியில்லா உழைப்பு மூன்றும் ஒரு வேரிலிருந்து கிளைத்திருப்பதில் எனக்கு வியப்பில்லை. தகப்பன் போன வீட்டுப் பிள்ளைகள் பண்ணைக்கு மாடு மேய்க்கப் போய் வளர்ந்த கதைகளை என் தாய் நிறையச் சொல்லியிருக்கிறார். பண்ணையாள்களைப் பாதுகாக்கத் தஞ்சை மாவட்டத்துக்கென்றே 1952இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்த மண் இது. வடமொழிச் சொல் ‘யாரிடம் முறையிடுவது’ என்று கேட்கிறது. கிரேக்கச் சொல்லோ ‘இந்தப் பிள்ளையின் நிலமும் உழைப்பும் யார் கைக்குப் போயின’ என்று கேட்பதுபோல் எனக்குப் படுகிறது. இரண்டு கேள்விகளுக்கும் அந்தக் கிழவி முழங்கால் வலியோடு வரப்பில் நின்று விடை சொல்லிக்கொண்டிருந்தார்.

நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய்

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801இல் கிழக்கிந்தியக் கும்பெனியின் பிரதிநிதியான ஆங்கில ரெசிடென்ட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கும்பெனியின் கைக்குப் போய்விட்ட பின், இராமேசுவரம் செல்லும் வழியில் தம் முன்னோர் அமைத்த சத்திரங்களையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்னும் தவிப்போடு எழுதப்பட்டது. சத்திரத்தில் யார் யாருக்கு என்னென்ன செய்யப்படுகிறது என்று வரிசையாகச் சொல்லி வருகையில், அங்கு வந்த இடத்தில் இறந்துபோகும் வெளியூர்க்காரர்களின் பிள்ளைகளைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. அப்பிள்ளைகள் சத்திரத்துப் பள்ளி ஆசிரியரின் பொறுப்பில் விடப்படுகிறார்கள், நாளைக்கு மூன்று வேளை உணவு, நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளியல், நோய்க்கு மருந்து, உடுக்கத் துணி, அவரவர் விரும்பும் கல்வி, படித்து முடித்த பின் திருமணச் செலவு. நான் ஓர் ஆசிரியன் என்பதால் ‘பள்ளி ஆசிரியரின் பொறுப்பில்’ என்ற இடத்தைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. ஓர் அரசர் கணக்குக் கொடுக்கும்போது எண்ணெய்க் குளியலைக் கணக்கில் சேர்த்திருக்கிறார். தாய் இருந்தால் சனிக்கிழமை பிள்ளையை உட்காரவைத்துச் சூடு பறக்கத் தலையில் எண்ணெய் வைப்பாள். அது நின்றுபோவதுதான் அநாதை நிலையின் முதல் அடையாளம் என்று அறிந்த ஒருவரால்தான் அதை எழுத முடியும்.

சரபோஜி அதை அறிந்தவர். பெற்றோரிடமிருந்து தத்து எடுக்கப்பட்ட பையன் அவர். 1787இல் அவரைத் தத்தெடுத்த துளஜா மன்னர் அவ்வாண்டே மறைந்தார். மரணப் படுக்கையில் அந்தச் சிறுவனைத் தரங்கம்பாடி மிஷன் வழியாக வந்த ஜெர்மானியப் போதகர் சுவார்ட்ஸின் பாதுகாப்பில் ஒப்படைத்தார். தத்து செல்லாது என்று சொல்லி அரியணை வேறொருவருக்குப் போனது. 1798இல் சரபோஜி முடிசூடிய அதே ஆண்டில் சுவார்ட்ஸ் இறந்தார். தஞ்சாவூரில் உள்ள அவருடைய கல்லறைக் கல்லில் சரபோஜியே ஆங்கிலத்தில் எழுதிய இரங்கற்பா பொறிக்கப்பட்டிருக்கிறது. அதில் அவரை அநாதைகளின் தந்தை என்றும், விதவைகளின் ஆதரவு என்றும் சொல்லி, இறுதியில் ‘என் தந்தையே’ என்று விளித்துத் தம் பெயரைப் போட்டிருக்கிறார். வேறு சமயத்தவர், வேறு நாட்டவர், வேறு மொழியினர். ஓர் அரசன் கல்லில் வெட்டி வைத்த உறவு அது.

‘இவர் என் மகளிர்’

நம் பழம்பாடல்கள் இந்நிலையை எவ்வாறு சொல்கின்றன என்று பார்த்தபோது, அவை பெரும்பாலும் பெயரிடாமலே சொல்கின்றன என்பதைக் கண்டேன். பாரியின் மகளிர் ‘எந்தையும் இலமே’ என்கிறார்கள். அது ஒரு நிகழ்வைச் சொல்லும் வாக்கியம். அவர்கள் யார் என்பதைச் சொல்லும் பெயர் அன்று. ‘தாய் செத்தால் தகப்பன் சிற்றப்பன்’ என்று நம் பழமொழிகூட இழப்பை உறவுச் சொல்லாலேயே அளக்கிறது. அப்பெண்களை அழைத்துக்கொண்டு இருங்கோவேளிடம் போன கபிலர், ‘இவர் யார்’ என்று நீ கேட்பாயானால் என்று தொடங்கி, பறம்பின் தலைவனான பாரியின் மகளிர் என்று சொல்லிவிட்டு, ‘யானே தந்தை தோழன், இவர் என் மகளிர்’ என்கிறார். புறநானூற்றின் 201ஆம் பாடல். இதை எத்தனையோ முறை மனப்பாடப் பகுதியைப் போல் ஒப்பித்திருக்கிறேன். ‘இவர் யார்’ என்ற கேள்விக்கு அங்கே ஒரு பெரியவர் தம்மை உட்படுத்தி விடை சொன்னார். நான் என் வகுப்பில் அதே கேள்வியைக் கேட்டபோது கையில் ஒரு தாளை வைத்திருந்தேன்.

திருநாவுக்கரசரின் இளமையை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. தந்தை புகழனார் இறந்தார்; தாய் மாதினியாரும் இறந்தார்; அக்காள் திலகவதிக்கு நிச்சயித்த கலிப்பகையார் போரில் மாண்டார். உயிர் விடத் துணிந்த அந்தப் பெண் ‘தம்பியார் உளராக வேண்டும்’ என்ற ஒரே தயவினால் உயிர் தாங்கினார் என்று சேக்கிழார் பாடுகிறார். சிறுவனை அநாதை என்று சேக்கிழார் அங்கே சொல்லவில்லை, அக்காள் இருந்தாள். வளர்ந்த பின் அந்தத் தம்பி ‘அப்பன் நீ அம்மை நீ ஐயனும் நீ, அன்புடைய மாமனும் மாமியும் நீ’ என்று தொடங்கி ‘ஒரு குலமும் சுற்றமும் ஓரூரும் நீ’ என்று உறவுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாடியதை, உறவு நிறைந்த வீட்டில் வளர்ந்தவரின் பாட்டாக என்னால் இப்போது கேட்க முடிவதில்லை. அந்த மனிதரைத்தான் சீர்காழியில் சம்பந்தக் குழந்தை ‘அப்பரே’ என்று அழைத்தது. பெற்றவரைப் பறிகொடுத்த பிள்ளைக்கு ஒரு பிள்ளை கொடுத்த பெயரே இன்றுவரை அவருக்கு நிலைத்திருக்கிறது.

மறு ஆண்டு அதே பட்டியல் வந்தபோது நான் தலைமையாசிரியரிடம் பேசினேன். வகுப்பில் வாசிப்பதில்லை, பிள்ளைகளைத் தனித்தனியே அழைத்துக் கேட்பது என்று முடிவாயிற்று. மூன்றாம் தலைப்பை அடித்துவிட்டு ‘பொறுப்பில் இருப்பவர்’ என்று எழுதிக்கொள்ளவும் அவர் இசைந்தார். அறக்கட்டளைக்குப் போகும் நகலில் மட்டும் பழைய தலைப்பே இருக்கும், அது இல்லாமல் பணம் வராது. அந்த ஆண்டு ஒன்பது பிள்ளைகள். அப்பாயி என்று இருவர் எழுதினார்கள். அம்மாச்சி, தாய்மாமன், பெரியம்மா, இல்லத்துக் காப்பாளர் என்று மற்றவர்கள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் ‘எங்கக்கா’ என்று எழுதி, கீழே கையொப்பமும் வாங்கி வந்திருந்தான். அக்காள் எங்கள் பள்ளியிலேயே பதினொன்றாம் வகுப்பு. பாதுகாவலர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும் என்ற குறிப்போடு அந்தத் தாள் திரும்பி வந்தது. அடுத்த தெருவில் இருந்த அவர்களுடைய தூரத்துச் சித்தப்பாவிடம் வேறொரு தாளில் கையொப்பம் வாங்கி அனுப்பினோம், பணம் வந்தது. திரும்பி வந்த தாளை நான் கிழிக்கவில்லை. என் அகராதிக்குள் இருக்கிறது. பாதுகாவலர் என்று அச்சிட்ட இடத்தில், கோடு தாண்டாமல், தேர்வுத் தாளில் பெயர் எழுதுவதுபோல் தலையெழுத்தோடு தன் முழுப் பெயரையும் எழுதியிருக்கிறாள் அந்தப் பெண்.